ரெண்டரை அக்கா

என் மனைவி வாயிலிருந்து வருகிற எந்த நேரமும் நிஜமான நேரம் கிடையாது. இதைப் புகாராகச் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அனுபவிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ரயில் ஏழு மணிக்கு என்றால் ஆறரை என்பாள். பல் டாக்டர் ஐந்து மணிக்கு வரச் சொன்னால் நாலரை என்பாள். பூட்டிக் கிடக்கும் கிளினிக் வாசலில் வீங்கின கன்னத்தோடு நான் உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் அவள் நிம்மதியாக வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருப்பாள்.

"ஏம்மா, நாலரைன்னியே?"

"நாலரைன்னு சொன்னதாலதான் அஞ்சுக்கு முன்னாடி வந்திருக்கீங்க. அஞ்சுன்னு சொல்லியிருந்தா இப்பதான் சட்டை தேடிட்டு இருப்பீங்க."

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். மற்றவர்கள் பார்வையைச் சரி செய்வேனே தவிர என் பழக்கத்தைச் சரி செய்துகொண்டதில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பார்க்கிற வேலை அப்படி. லிஃப்டுக்கான பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். பாகங்களைச் செய்வது இங்கே. வரைபடம் போட்டுக் கொடுத்து, செய்ததை வாங்கிக்கொள்வது கடல் தாண்டி வெகு தூரத்தில் இருக்கிற இன்னொரு ஆபீஸ். நமக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கி, கண் சொக்குகிற நேரத்தில்தான் அவர்கள் தலை வாரிக்கொண்டு நாற்காலிக்கு வருவார்கள். அவர்களையும் இவர்களையும் ஒரே போன் அழைப்பில் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் இவளுடைய உத்தியோகம். கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு வாரம் செய்து பார்த்தால் தலைமுடி மிஞ்சாது.

அந்த ஊர்க்காரர்கள் மூன்று மணி என்றால் அதற்கு முன்பே வந்து திரையில் உட்கார்ந்துவிடுவார்களாம். முதலில் கொஞ்சம் மழையைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களுக்கு எந்த நாளும் மழைதான், ஆனாலும் இன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்ததுபோலப் பேசுவார்கள். பிறகு வேலை. முடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டால், நீங்கள் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு அணைந்துபோவார்கள். கோபம் வந்தால் குரல் தாழும், மரியாதை கூடும். "சுவாரசியமான யோசனை" என்று சொல்லிவிட்டால் அந்த யோசனைக்குச் சங்கு ஊதியாயிற்று என்று அர்த்தம்.

நம்மவர்கள் கதையே வேறு. "வந்துட்டே இருக்கேன்" என்றால் இன்னும் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறார். "அஞ்சு நிமிஷம்" என்பதற்கு அளவே கிடையாது. "பார்க்கலாம்" என்றால் பார்க்கவே மாட்டார். ஆனால் வந்துவிட்டார் என்றால் துரத்தினாலும் போகமாட்டார். மெஷின் நின்றுபோனால், சொல்லி அனுப்பாமலே பக்கத்து ஷெட்டுக்காரன் கை துடைத்துக்கொண்டு வந்து நிற்பான். "அங்க கூப்பிட்டா கரெக்டா வருவாங்க, இங்க கூப்பிடாமலே வருவாங்க. ரெண்டுல எது நல்லதுன்னு எனக்கு இன்னும் புரியலை" என்று அவளே சொல்வாள்.

இந்த இரண்டு குணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் கண்டுபிடித்ததுதான் அந்தப் பொய். அந்தப் பக்கத்துக்கு மூன்று மணி என்று நிஜத்தைச் சொல்வாள். இந்தப் பக்கத்துக்கு ரெண்டரை என்பாள். இவர்கள் அடித்துப் பிடித்து மூன்றுக்கு வந்து சேர்வார்கள். ஆபீஸில் ரெண்டரை அக்கா என்ற பெயரே வந்துவிட்டது. கொஞ்ச நாளில் இவர்களும் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அக்கா ரெண்டரை என்றால் மூன்று, ஆகவே மூன்றரைக்குப் போனால் போதும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். இவள் விடுவாளா? பொய்யை ஒரு மணி நேரமாக ஏற்றிவிட்டாள். வீட்டிலும் அதே கதைதான். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும், அவள் நேரம் சொன்னால் ஒரு மணி நேரத்தைக் கூட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன், "இப்படிப் பொய் சொல்றியே, உனக்கே உறுத்தலையா?"

"அந்த ஊர்ல கவர்மெண்டே வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை முன்னாடி பின்னாடி தள்ளி வைக்குது. நாடே சேர்ந்து பொய் சொல்லுது. அதை யாரும் கேக்கலை. நான் ஒருத்தி சொன்னா மட்டும் உறுத்தணுமா?"

அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் அவள் ஒரு நிமிடம்கூடப் பொய் சொன்னதில்லை. அவர்களிடம் பொய் சொல்ல அவசியமும் வந்ததில்லை.

இப்படி எத்தனையோ பேரை இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்துவந்து பேச வைத்தவளுக்கு, சொந்த அப்பாவையும் சொந்தத் தம்பியையும் ஒரே ஒரு தடவை பேச வைக்க முடியவில்லை. அவளைப் பிடித்து அரித்த கவலை அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் சிரித்துவிடுவாள்.

என் மாமனார் தண்ணீர் லாரி ஓட்டினவர். கோடையில் குழாய் வறண்டால் இந்தப் பகுதியில் பாதிப் பேர் அவர் லாரி ஹாரன் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவர்கள்தான். மாமியார் போன பிறகு எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தார். மச்சான் நர்ஸ் வேலைக்குப் படித்தவன். பக்கத்து ஊரில் பயிற்சி, ஒரு வாரத்தில் வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஒரு பெட்டியோடு கிளம்பினான். மறுநாள் போன் வந்தது கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அவன் போவது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், மாடி வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியும். மாமனாருக்கு மட்டும் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் கால் நகராது என்று பயந்துதான் அவன் அப்படிச் செய்தான். அது அவருக்கு எப்படிப் புரியும்?

"ஊருக்கே சொல்லிட்டுப் போயிருக்கான். என்னை ஒரு ஆளா மதிக்கலை பாத்தியா" என்று ஒரு தடவை சொன்னார். அதோடு சரி. அவன் பேச்சை எடுக்கவே இல்லை.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். இங்கே இருந்தபோது சொந்தப் பரீட்சைக்கே தாமதமாகப் போனவன், அந்த ஊர்க் காற்றுப் பட்டதும் ஆளே மாறிவிட்டான். "இந்த நேரத்துக்குக் கூப்பிடலாமா அக்கா?" என்று முதலில் செய்தி அனுப்புவான். "கூடப் பொறந்தவகிட்ட பேச அனுமதி கேக்குறான் பாருங்க!" என்று இவள் முகம் சுருங்கிப்போவாள். ஆனால் அந்த நேரத்துக்குத் தயாராக உட்கார்ந்திருப்பாள். தான் பேசி முடிந்ததும் அழைப்பை அணைக்காமல் போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போவாள். மாமனார் அதற்குள் குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருப்பார். தண்ணீருக்காக ஆயுசு முழுக்க லாரி ஓட்டின மனிதர், வாளி நிரம்பி வழிய வழிய விடுவார். அழைப்பு முடிகிறவரை வெளியே வரமாட்டார்.

"தண்ணி சத்தம் கேக்குதுக்கா" என்பான் மச்சான். "அப்பா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார்டா. குளிக்கிறார்."

"எப்ப கூப்பிட்டாலும் குளிக்கிறாரே" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

அவனுக்கு அப்பாவிடம் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. "போன்ல உன் மூலமா சொல்றது இல்லக்கா அது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வான். நேரில் வரலாம் என்றால் முதல் இரண்டு வருஷம் லீவு கிடையாது. அப்புறம் அது இது என்று தள்ளிப்போயிற்று.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, சாப்பிட உட்கார்ந்த மாமனார் தட்டைப் பார்த்தபடியே கேட்டார், "அங்க இப்ப மணி என்ன?"

என் மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "என்னப்பா கேட்டீங்க?"

"காது கேக்கலையா? அங்க இப்ப என்ன நேரம்னு கேட்டேன்."

"விடியப் போகுதுப்பா. நைட் டியூட்டி முடிச்சு வர்ற நேரம்."

"ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று தட்டோடு பேசினார். இவள் விடவில்லை. கூடவே உட்கார்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசுங்கப்பா, ஒரே ஒரு வார்த்தை என்று கெஞ்சினாள். அவர் கை கழுவ எழுந்தார். "பார்க்கலாம்" என்றார்.

அன்று முழுக்க அவள் என்னை உட்கார விடவில்லை. "பார்க்கலாம்னா என்னங்க அர்த்தம்? நம்ம ஊர் பார்க்கலாமா, நிஜமாவே பார்க்கலாமா?" அவர் சாதாரணமாக அந்த வார்த்தையைச் சொல்கிறவர் இல்லை, முடியாது என்றால் முடியாது என்பவர், அதனால் இது நிஜமான பார்க்கலாம்தான் என்று கடைசியில் நான் தீர்ப்புச் சொன்னேன். சின்னப் பெண்போலக் குதித்தாள். தம்பிக்குச் செய்தி அனுப்பினாள். அவன் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை வேறு ஒருத்தரிடம் மாற்றிக்கொண்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. எனக்கு அவர்மேல்கூடக் கோபம் வந்தது. போகிறவர் அந்த மூன்று நாளைக் கடந்து போயிருக்கக் கூடாதா?

ஆஸ்பத்திரியில் சில காகிதங்கள் முடியவேண்டும், உடலைக் காலையில்தான் தருவோம் என்றார்கள். மச்சானால் வர வழியில்லை. அவன் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்து ஏதோ ஒரு அலுவலகத்தில் கிடந்தது. அன்றைக்கு இரவு அவன் வார்டில் இருந்தே ஆகவேண்டும். வயதானவர்கள் வார்டு, இருக்கிற நர்ஸ் இவன் ஒருத்தன். நகர்ந்தால் சட்டப்படி குற்றம். போன்கூட லாக்கரில்தான் இருக்கவேண்டும். அவன் மேலதிகாரி அம்மாள் நல்ல மனசுக்காரி. விஷயத்தைக் கேட்டதும் இன்னொரு நர்ஸுக்குச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டாள். இங்கே காலை பத்து மணி ஆகும்போது அங்கே விடியாத நேரம், அப்போது அந்த நர்ஸ் வந்து இவனை விடுவிப்பார், இருபது நிமிடம் தனி அறையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

"அக்கா, படம் எடுத்து அனுப்பிடாத" என்று அழுதுகொண்டே சொன்னான். "படத்துல நான் அப்பாவைப் பாக்க மாட்டேன். நீ போனை அவர் முகத்துக்கு நேரா பிடி. நான் அவர்கிட்ட பேசணும். அதுக்கப்புறம் பெட்டியை மூடுங்க. பத்து மணிக்கு நான் வந்துடுவேன்."

"பத்துக்கு முன்னாடி யாரும் தொட மாட்டாங்கடா. நான் இருக்கேன்" என்றாள்.

மயானத்தில் கேட்டோம், காலையில் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆக பத்து மணி என்று முடிவாயிற்று. அவள் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டாள். மாமனாரின் அண்ணன், அதாவது அவளுடைய பெரியப்பாவுக்கு. சொந்தக்காரர்களுக்கு. லாரி ஷெட்டுக்கு. வேன்காரருக்கு. எல்லாரிடமும் சொன்னாள், "காலையில ஒன்பது மணிக்கு எடுக்கிறோம்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது அவளுக்குப் பொய்யாகவே படவில்லை, எனக்கும் படவில்லை. ஒன்பது என்று சொன்னால்தான் பத்துக்காவது வந்து சேர்வார்கள், மச்சான் போனில் வரும்போது கூட்டம் நிற்கவேண்டும் என்று அவள் நினைத்தாள். அந்த வேன்காரருக்கு எங்கள் பகுதியில் 'தோ வந்துட்டேன்' என்றே பெயர். போன் போட்டால் எங்கே இருந்தாலும் அதைத்தான் சொல்வார். அவருக்கு ஒன்பது என்று சொன்னதுகூடப் போதாது என்று எனக்குத் தோன்றியது.

காலையில் எட்டரைக்கு மாமனாரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்னறையில் பெஞ்சு போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, மூடியைச் சுவரோரம் சாய்த்தோம். நான் நாற்காலி இரவல் வாங்கத் தெருவுக்கு வந்தேன். தெரு முனையில் வேன் நின்றது. 'தோ வந்துட்டேன்' வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன டிரைவர், இவ்வளவு சீக்கிரம்?"

"நல்லா கேட்டீங்க. எங்க வீட்டுல தண்ணி இல்லாதப்ப இவர் வண்டியத் திருப்பிட்டு வந்து ஊத்தினவர். இவர் காரியத்துக்கு லேட்டா வந்தா நான் மனுஷனா?"

அவர் மட்டும் இல்லை. லாரி ஷெட்டுக்காரர்கள் மொத்தமாக வந்தார்கள். ஒரு நாளும் முதல் ஆளாக எங்கும் போகாத பெரியப்பா, முதல் பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார். மாடி வீட்டுக்காரர், கோடி வீட்டுக்காரர், பார்த்தே இராத முகங்கள். ஒன்பது அடிக்கும்போது தெருவில் கால் வைக்க இடம் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தாமதமாகவே வந்த ஜனம், அன்றைக்குப் பார்த்து ஒருத்தர் பாக்கி இல்லாமல் நேரத்துக்கு வந்து நின்றது. என் மனைவி ஜன்னல் வழியாக அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

பெரியப்பா உள்ளே வந்தார். "என்னம்மா, எல்லாரும் வந்தாச்சு. தூக்கலாமா?"

"இல்ல பெரியப்பா. பத்துக்குத்தான். தம்பி போன்ல வருவான். அவன் அப்பாவைப் பாக்கணும்."

"ஒன்பதுன்னுதானே சொன்ன?"

"சொன்னேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "யாரும் நேரத்துக்கு வரமாட்டீங்கன்னு ஒரு மணி நேரம் முன்னாடி சொன்னேன் பெரியப்பா. நிஜமான நேரம் பத்துதான்."

அறையில் சலசலப்பு எழுந்தது. "ரெண்டரை அக்கா, இன்னிக்குமா?" என்று யாரோ ஆபீஸ்காரன் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. பெரியப்பாவுக்குக் கோபம் இல்லை. அலுப்புத்தான்.

"சரிம்மா. ஒன்பதுன்னு சொன்னது பத்து. இப்ப பத்துங்கிறியே, அது பதினொண்ணா?"

"இல்ல பெரியப்பா! பத்துன்னா பத்து."

"உன் புருஷன் பொறந்த நாளுக்கு ஆறு மணின்னு சொன்ன. வேர்க்க விறுவிறுக்க வந்தேன். நீ வாசல் கூட்டிட்டு இருந்த. உன்னை நம்பி நான் நேரத்துக்கு வந்தது அது ஒரு தடவைதான்."

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றார் டிரைவர். "பத்தரைக்கு நான் இன்னொரு வீட்டுல நிக்கணும். நிஜமாவே பத்துன்னா எப்படியாவது ஓட்டிப் பாத்துருவேன். பதினொண்ணுன்னா அங்கயும் ஒரு அம்மா அழுதுட்டு இருப்பாங்களே, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"பத்துதான் அண்ணே. சத்தியமா பத்துதான்!"

நானும் தொண்டை கிழியச் சொன்னேன், "நான் சொல்றேன், பத்துதாங்க. எனக்குத் தெரியும்."

"நீங்க அவ புருஷன். அவ சொன்னதைத்தானே சொல்வீங்க" என்றார் பெரியப்பா. அதற்குமேல் நான் எதைச் சொல்லி நிரூபிப்பது? எனக்கு அந்த நிமிடம் எல்லார்மேலும் ஆத்திரம் வந்தது, அவள்மேலும் வந்தது. அவள் அழுவதைப் பார்த்து அது போயிற்று.

டிரைவர் கால் மணி நேரம் கொடுத்தார். என் மனைவி மச்சானின் போனுக்கு அடித்தாள். லாக்கருக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு அவன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே போன் போட்டாள். அந்த ஊர்ப் பாஷையில் ஒரு பெண் எடுத்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடையில் நாலு தேசத்து ஆட்களைப் பார்த்தவன், ஓரளவு புரியும். அந்தப் பெண்ணின் குரலில் அவ்வளவு மரியாதை, அவ்வளவு கனிவு. உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன் என்றாள். ஆனால் பணியில் இருக்கும் நர்ஸுக்குச் சொந்த அழைப்புகளை இணைப்பதில்லை, அவர் இடைவேளைக்கு வந்ததும் நீங்கள் அழைத்ததைக் கட்டாயம் சொல்கிறேன் என்றாள்.

"ஒரு நிமிஷம் போதும்மா, ஒரே நிமிஷம்" என்று இவள் அந்தப் பாஷையில் கெஞ்சினாள்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கேட்டாள், "குடும்பத்தில் யாருடைய உயிருக்காவது இப்போது ஆபத்தா? அப்படி இருந்தால் நான் உடனே இணைக்கலாம்."

வாசல் திறந்துவிட்டது என்று நினைத்தேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பல் டாக்டரிலிருந்து பிறந்த நாள்வரை வாய் கூசாமல் பொய் சொன்ன என் மனைவி, வாயைத் திறந்தாள், மூடினாள்.

"இல்லை" என்றாள். "அவர் இறந்துவிட்டார்."

"அப்படியானால் என்னால் முடியாது. மிகவும் மன்னியுங்கள்" என்றாள் அந்தப் பெண். அவளும் உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"ஆமான்னு சொல்லித் தொலைக்கிறதுதானே!" என்று நான் கத்திவிட்டேன்.

"வரலைங்க" என்றாள். "அவங்ககிட்ட எனக்கு வரலைங்க."

கால் மணி நேரம் முடிந்தது. பெரியப்பா அவள் தலையில் கை வைத்து, "உன் தம்பி போன்ல வந்தா நாங்க எல்லாம் அவன்கிட்ட பேசுறோம்மா. அவன் பேசி உங்கப்பன் இனிமே கேக்கவா போறான்?" என்றார். மயானத்தில் போயாவது மூடியைத் திறந்து காட்டலாமா என்று கேட்டாள். மூடினதை அங்கே திறக்க விடமாட்டார்கள் என்றார்கள். அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். லாரி ஷெட்டுக்காரர் இரண்டு பேர் அவள் விரல்களைப் பக்குவமாக எடுத்துவிட்டார்கள். மூடியை வைத்தார்கள். நல்லபடியாக, பயபக்தியோடு, ஒரு தப்பும் இல்லாமல் எல்லாவற்றையும் செய்தார்கள். "நீங்க அவகூட இருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நிமிடத்தில் தெரு காலியாயிற்று.

அவள் பெஞ்சுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன், வேண்டாம் என்றாள். மச்சானுக்கு முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். "ஓடி வந்து போனை எடுப்பான். அதுல இதைப் படிக்கணுமா? நான்தான் சொல்லணும்" என்றாள்.

பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. திரையில் மச்சான். நீலச் சீருடை, தலையை நனைத்து வாரியிருந்தான். பின்னால் யாரோ கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போவது தெரிந்தது.

"அக்கா, வந்துட்டேன். ரெண்டு நிமிஷம் முன்னாடியே விட்டுட்டாங்க. அப்பாவைக் காட்டு."

அவள் போனைத் திருப்பவில்லை.

"அக்கா, காட்டுக்கா."

"எடுத்துட்டாங்கடா."

அவன் புரியாமல் பார்த்தான். அறையின் சுவரில் எதையோ பார்த்தான், கடிகாரமாக இருக்கவேண்டும். "நான் சரியாத்தானே வந்திருக்கேன்? பத்துன்னுதானே சொன்ன?"

"பத்துதான்டா. நீ சரியாத்தான் வந்திருக்க."

"அப்ப அவங்களுக்கு என்ன சொன்ன?"

"ஒன்பது."

இங்கே பிறந்து வளர்ந்தவன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாயைப் பொத்திக்கொண்டான். "எல்லாரும் நேரத்துக்கு வந்துட்டாங்களா?"

"எல்லாரும் வந்துட்டாங்கடா. ஒருத்தர்கூட லேட் இல்ல."

"வேன்?"

"அதுவும்தான்."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. "என்கிட்ட மட்டும்தான் நிஜத்தைச் சொன்னியா?"

"உன்கிட்ட மட்டும்தான்டா" என்று சொல்லிவிட்டு அவள் உடைந்துபோனாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் மறைத்தது. அவன் நகரவில்லை. கொடுத்திருந்த நேரம் அத்தனையும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கதவை யாரோ மென்மையாகத் தட்டினார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"டேய், இருடா" என்றாள் அவசரமாக. "அப்பாகிட்ட என்ன சொல்லணும்னு வச்சிருந்தியோ, அதை என்கிட்ட சொல்லு. நான் இப்பவே மயானத்துக்குப் போய் நின்னு, நீ சொன்னதை அப்படியே சொல்லிடுறேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்டா."

அவன் அவளைப் பார்த்தான். கோபம் துளியும் இல்லை. அது இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"அது உனக்கு இல்லக்கா" என்றான்.